மரக்காலும் களஞ்சியமும்: யூட்டிலிட்டி கிளாஸில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது

கும்பகோணத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அரிசி ஆலைகளுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் ஜாவாவில் கணக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். அதில் 'காமன்யூட்டில்ஸ்' என்று ஒரு கிளாஸ். மூவாயிரம் வரியைத் தாண்டிவிட்டது. உள்ளே இருப்பது எல்லாமே ஸ்டேட்டிக் மெத்தட், அதாவது ஆப்ஜெக்ட் எதையும் உருவாக்காமல் கிளாஸின் பெயராலேயே நேரடியாக அழைக்கும் மெத்தட். இப்படிப்பட்ட கிளாஸைத்தான் யூட்டிலிட்டி கிளாஸ் என்கிறோம். புதிதாக வந்த சீனியர், "இது ஆப்ஜெக்ட் ஓரியன்டடே கிடையாது, எல்லாத்தையும் ஆப்ஜெக்டா மாத்து" என்கிறாராம். பழைய ஆட்கள், "ஓடுற வண்டியை எதுக்குப் பிரிச்சுப் போடணும்" என்கிறார்களாம். யார் பேச்சைக் கேட்பது என்பது அவர் கேள்வி.

தம்பி, அந்த மூவாயிரம் வரியில் ஒரு சின்னப் பங்கு அப்படியே இருக்க வேண்டியது. அதை ஆப்ஜெக்டாக மாற்றினால் குழப்பம்தான் கூடும். மிச்சம் பெரும்பங்கு அங்கே இருக்கவே கூடாது. எது எது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் இரண்டு பேரோடும் நீங்கள் சண்டை போட வேண்டியிருக்காது.

நான் தஞ்சாவூர்க்காரன். யூட்டிலிட்டி கிளாஸ் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய கோவில் கல்வெட்டுகள்தான் நினைவுக்கு வரும். ராஜராஜன் காலத்தில் கோவிலுக்கு வரும் நெல்லை 'ஆடவல்லான்' என்ற பெயருள்ள மரக்காலால் அளந்தார்கள் என்று அந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது. அது 'ராஜகேசரி' என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற பெயரில் ஒரு கல். நகைகளை நிறுக்க 'தட்சிணமேருவிடங்கன்' என்ற வேறு கல். அளவைக்கு ஒரு பெயர் இருந்தது, எதை அளப்பது என்பதும் தெளிவாக இருந்தது, இன்னொரு அளவையோடு அதற்கு என்ன உறவு என்பதையும் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். மரக்கால் நெல்லை அளக்கும், சேர்த்து வைக்காது. யாருடைய நெல் என்று அதற்குத் தெரியாது. காலையில் அளந்தாலும் மாலையில் அளந்தாலும் அதே அளவுதான். நல்ல யூட்டிலிட்டி கிளாஸ் என்று நான் சொல்வது இதைத்தான்.

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் நாம் எழுதும் ஃபங்ஷன் எதுவானாலும் ஏதாவது ஒரு கிளாஸுக்குள் உட்கார வேண்டும். வர்க்கமூலம் கண்டுபிடிக்க எந்த ஆப்ஜெக்டும் தேவையில்லை, ஆனாலும் அதற்கு ஓர் இடம் வேண்டுமே. அதனால்தான் 'மேத்' கிளாஸ் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அப்புறம் 'கலெக்ஷன்ஸ்', 'அர்ரேஸ்', 2011-இல் ஜாவா 7 வந்தபோது 'ஆப்ஜெக்ட்ஸ்' எல்லாம் அதே வழியில் வந்தவை. சி ஷார்ப் 2005-லேயே 'ஸ்டேட்டிக் கிளாஸ்' என்று இதற்கென ஓர் ஏற்பாடு கொடுத்துவிட்டது. பைத்தானில் மாட்யூல் போதும், சி பிளஸ் பிளஸில் நேம்ஸ்பேஸ் போதும், கோட்லினில் ஃபங்ஷனைக் கோப்பிலேயே தனியாக எழுதலாம். ஆக, ஸ்டேட்டிக் மெத்தட் மட்டும் உள்ள கிளாஸ் ஒன்றை ஜாவாவில் வைத்திருப்பது ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறைக்குச் செய்த துரோகம் ஒன்றும் இல்லை. அந்த மொழி கொடுத்த இடம் அதுதான். உங்கள் சீனியரிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அந்த கிளாஸை எழுதும் முறை எளிது. கிளாஸை 'ஃபைனல்' ஆக்குங்கள், அதிலிருந்து வேறு கிளாஸ் கிளைக்க முடியாது. ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதியான கன்ஸ்ட்ரக்டர் ஒன்றை நீங்களே எழுதி, வெளியிலிருந்து அழைக்க முடியாதபடி அதை 'பிரைவேட்' ஆக்குங்கள். நீங்கள் எழுதாவிட்டால் கம்பைலர் தானாக ஒன்றைப் போட்டுவிடும், யாராவது 'நியூ' போட்டு அர்த்தமில்லாத ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி வைப்பார்கள். அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் உள்ளே எதைப் போடுகிறோம் என்பதில்தான்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த சம்பவத்தைச் சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு நிலக்கிழாருக்குக் குத்தகைக் கணக்கு எழுதிக் கொடுத்தோம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஊரில் குத்தகை பேசுவது 'மா' என்ற பழைய நில அளவையில், மாவுக்கு இத்தனை மூட்டை என்று. எனவே ஹெக்டேரை மாவாக மாற்ற ஒரு ஃபங்ஷன் வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் அதை எழுதி ஒரு யூட்டிலிட்டி கிளாஸில் வைத்தார். அறிக்கைப் பகுதியை எழுதிய இன்னொருவருக்கு அது இருப்பதே தெரியாது. அவரும் ஒன்று எழுதி வேறொரு யூட்டிலிட்டி கிளாஸில் வைத்தார்.

முதலாமவர் டெல்டாக்காரர். பன்னிரண்டு அடிக் கோல், ஒரு கோல் சதுரம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா என்று 14,400 சதுர அடி வைத்தார். இரண்டாமவர் விசாரித்தபோது யாரோ "மூணு மா ஒரு ஏக்கர்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஏக்கர் 43,560 சதுர அடி, மூன்றால் வகுத்தால் 14,520. இரண்டுமே ஊர்ப் பேச்சில் புழங்குவதுதான், இரண்டு பேருமே தப்பு செய்யவில்லை. ஆனால் ஒரு ஹெக்டேர் ஒரு கணக்கில் 7.475 மா, இன்னொரு கணக்கில் 7.413 மா. பத்து ஹெக்டேருக்கு வித்தியாசம் 0.6 மாவைத் தாண்டுகிறது. மாவுக்கு இரண்டு மூட்டைக் குத்தகை என்றால் ஒன்றேகால் மூட்டை நெல். ரசீதில் ஓர் எண், வருடாந்திர அறிக்கையில் இன்னோர் எண். குத்தகைதாரர் ஒருவர் இரண்டு தாளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. மூட்டைக் கணக்கில் சந்தேகம் வந்துவிட்டால் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் பேச்சே நின்றுவிடும். நாங்கள் எழுதிய நாலு வரியால் அப்படி ஒரு நிலை வந்ததே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இந்தச் சம்பவத்தைச் சொன்னால் பலரும், "அதுக்குத்தான் பொது ஃபங்ஷனை ஒரே இடத்தில் வைக்கணும்" என்பார்கள். சரிதான். ஆனால் எங்களிடம் ஒரே இடம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் பெயர் 'காமன்', உள்ளே நூற்றுக்கு மேல் மெத்தட். இரண்டாமவர் அதைத் திறந்து பார்த்தார், பாதி தூரம் உருட்டினார், கிடைக்கவில்லை, தானே எழுதிக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். 'நிலஅளவு' என்று ஒரு கிளாஸ் இருந்திருந்தால் அவர் கண்ணில் படாமல் போயிருக்காது. 'காமன்', 'ஹெல்ப்பர்', 'மிசிலேனியஸ்' போன்ற பெயர்களை நான் அடியோடு எதிர்ப்பது இதனால்தான். அந்தப் பெயரில் எதையும் போடலாம், அதனால் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கல்வெட்டில் பொன்னுக்கு ஒரு கல், நகைக்கு ஒரு கல் என்று தனித்தனிப் பெயர் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

கடைசியில் அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 'நிலஅளவு' யூட்டிலிட்டி கிளாஸோடு நிற்கவில்லை. 'நிலப்பரப்பு' என்று ஒரு டைப்பையே உருவாக்கினோம். உள்ளே சதுர மீட்டரில் ஒரே ஓர் எண். ஹெக்டேரிலிருந்து உருவாக்கலாம், சென்டிலிருந்து உருவாக்கலாம், மாவில் கேட்கலாம், ஏக்கரில் கேட்கலாம். எந்த மா என்பதை நிலக்கிழாரிடமே கேட்டு, நூறு குழி என்று உறுதிசெய்து, அந்த எண்ணை அந்த ஒரே கிளாஸில் எழுதினோம். ஏன் யூட்டிலிட்டி போதவில்லை? டபுள் (அலகு எதுவும் ஒட்டாத வெறும் தசம எண்) வாங்கி டபுள் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்குள் யார் வேண்டுமானாலும் தப்பான அலகைத் தள்ளலாம், கம்பைலர் வாய் திறக்காது. மூட்டை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் வியாபாரியிடம் மூட்டை என்றால் 60 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. விலையோ குவிண்டாலுக்குப் பேசுவார்கள், அது 100 கிலோ. மூன்றும் டபுளாக ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் தப்பு நடக்க நாளாகாது. 'எடை' என்று ஒரு டைப் இருந்தால் நடக்காது. ஜாவா 16-லிருந்து 'ரெக்கார்ட்' (மாறாத தரவை வைத்துக்கொள்ளும் சுருக்கமான கிளாஸ்) இருப்பதால் இப்படிச் சின்ன டைப் எழுதுவது பத்து வரி வேலை.

இதிலிருந்து ஓர் அடையாளம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் 'காமன்யூட்டில்ஸ்' கிளாஸில் ஏழெட்டு மெத்தட்கள் ஒரே விஷயத்தை முதல் அளவுருவாக வாங்கிக்கொண்டிருந்தால், அங்கே ஒரு கிளாஸ் பிறக்கக் காத்திருக்கிறது என்று பொருள். விவசாயி ஆப்ஜெக்டை வாங்கி அவர் பாக்கியைக் கணக்கிடும் மெத்தட்டுக்கு யூட்டிலிட்டியில் என்ன வேலை? அது விவசாயி கணக்கு கிளாஸுக்குள் போக வேண்டியது. உங்கள் சீனியர் சொல்வது இந்த இடத்தில் முழுக்கச் சரி.

சொந்தக்காரன் இல்லாத ஃபங்ஷன்கள் மட்டும் யூட்டிலிட்டியில் தங்கட்டும். உதாரணம் சொல்கிறேன். ரூபாயை 12,34,567 என்று லட்சக் கமாவோடு அச்சிட வேண்டும். ஜாவாவின் 'டெசிமல்ஃபார்மேட்' ஒரே அளவான குழுக்களாகத்தான் கமா போடும், கடைசியில் மூன்று, மற்றவை இரண்டிரண்டு என்ற நம் முறை அதற்கு வராது. 'ஸ்ட்ரிங்' கிளாஸைத் திறந்து நாம் எதையும் சேர்க்கவும் முடியாது. அப்போது 'ரூபாய்வடிவம்' என்று ஒரு சின்ன யூட்டிலிட்டி கிளாஸ்தான் சரியான வழி. சி ஷார்ப்பிலும் கோட்லினிலும் எக்ஸ்டென்ஷன் மெத்தட் என்று இதை இன்னும் அழகாகச் செய்யலாம், அடிப்படை ஒன்றுதான்.

முழு எண்ணாக்குவதும் அப்படிப்பட்ட ஒன்று. ஜாவாவின் 'மேத்.ரவுண்ட்' 2.5-ஐ 3 ஆக்கும். பைத்தானின் 'ரவுண்ட்' அதையே 2 ஆக்கும், ஏனென்றால் அது பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகிறது. சி ஷார்ப்பும் இயல்பாக அப்படித்தான். உங்கள் மொபைல் செயலி ஒரு மொழியிலும் சர்வர் இன்னொரு மொழியிலும் இருந்தால் ரசீதில் ஒரு ரூபாய் இடிக்கும். பணத்தை, தசமத்தைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும் 'பிக்டெசிமல்' கொண்டு, எந்த முறையில் முழுமையாக்குகிறோம் என்று வெளிப்படையாக எழுதி, ஒரே மெத்தட்டில் வைத்துவிடுங்கள்.

இப்போது எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். நெல்லின் ஈரப்பதம். 20 சதவீத ஈரப்பதத்தில் 100 கிலோ நெல் வருகிறது. 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் எவ்வளவு நிற்கும்? நூறிலிருந்து இருபது போக எண்பது, நூறிலிருந்து பதினேழு போக எண்பத்துமூன்று. 100 கிலோவை 80-ஆல் பெருக்கி 83-ஆல் வகுத்தால் 96.39 கிலோ. இது இயற்பியல். எந்த ஆட்சி வந்தாலும் மாறாது, எந்த வியாபாரிக்கும் ஒன்றுதான். எடை, இருக்கும் ஈரப்பதம், வேண்டிய ஈரப்பதம் என்று மூன்று அளவுருக்களோடு யூட்டிலிட்டியில் தாராளமாக வைக்கலாம். ஆனால் அந்தப் பதினேழு என்ற எண்ணை மெத்தட்டுக்குள் எழுதினீர்கள் என்றால் போச்சு. 17 சதவீதம் என்பது அரசுக் கொள்முதலின் வரம்பு. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அதில் தளர்வு கொடுப்பது உண்டு. தனியார் வியாபாரிக்கு அவர் சொந்த வரம்பு இருக்கும். எனவே சூத்திரம் யூட்டிலிட்டிக்கு, எண் விதிக்கு. விதி என்பது டேட்டாபேஸிலோ அமைப்புக் கோப்பிலோ இருந்து, 'கொள்முதல்விதி' போன்ற ஓர் ஆப்ஜெக்ட் வழியாக வர வேண்டும். ஒரே மெத்தட்டின் இரண்டு வரிகள் இரண்டு வெவ்வேறு இடத்துக்குப் போக வேண்டியவை என்பதை நான் புரிந்துகொள்ளவே பல வருடம் ஆனது.

இதே தப்பின் இன்னொரு வடிவம் 'தற்போதைய பருவம்' என்ற மெத்தட். எத்தனை மென்பொருளில் இதைப் பார்த்திருக்கிறேன்! அளவுரு எதுவும் கிடையாது. உள்ளே கணினியின் தேதியை எடுத்து, ஜூன் 12-க்குப் பிறகு என்றால் குறுவை, இன்ன மாதம் என்றால் சம்பா, அப்புறம் தாளடி என்று திருப்பித் தரும். முதல் சிக்கல், இதை டெஸ்ட் செய்யவே முடியாது. இன்று நடக்கும் டெஸ்ட் நாலு மாதம் கழித்துத் தானாகத் தோற்கும். போன வருடத்து ரசீதை மறுபடி அச்சிட்டால் அதில் இந்த வருடத்துப் பருவம் வந்து உட்காரும். தேதியை வெளியிலிருந்து அளவுருவாகக் கொடுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்தது. இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழம். ஜூன் 12 என்பது மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள், அவ்வளவுதான். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2018-இல் ஜூலை 19 வரை காத்திருந்தோம். தண்ணீர் எப்போது வருகிறதோ அப்போதுதான் நாற்றங்கால். அந்தத் தேதி வருடத்துக்கு வருடம் யாரோ ஒருவர் பதிவு செய்ய வேண்டிய தகவல், மெத்தட்டுக்குள் எழுதி மூட வேண்டியது இல்லை. கணினியின் கடிகாரம், டேட்டாபேஸ், கோப்பு, இணையம், இவற்றில் ஒன்றைத் தொட்டாலே அந்த மெத்தட் யூட்டிலிட்டி இல்லை. அந்த வெளி வேலைக்கென ஒரு சர்வீஸ் கிளாஸ் எழுதி, டெஸ்டில் வேறொன்றை மாற்றி வைக்கத் தோதாக இன்டர்ஃபேஸ் வழியாக உள்ளே கொடுங்கள். ஸ்டேட்டிக் மெத்தட்டை டெஸ்டில் போலியாக்க 'மாக்கிட்டோ' என்ற டெஸ்ட் நூலகம் 2020-லிருந்து வசதி கொடுக்கிறது என்று உங்கள் பழைய ஆட்கள் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் அந்த வசதி தேவைப்படுகிறது என்றாலே மெத்தட் தப்பான இடத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

களஞ்சியம் என்று தலைப்பில் சொன்னேனே, அது நினைவில் வைத்துக்கொள்ளும் யூட்டிலிட்டி கிளாஸைத்தான். ஸ்டேட்டிக் மாறி ஒன்றில் எதையாவது சேர்த்து வைப்பது. "கடைசி ரசீது எண்", "இப்போது உள்ளே நுழைந்த பயனர்" என்று அங்கே போட்டு வைப்பார்கள். வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் வகையும் உண்டு. பழைய 'சிம்பிள்டேட்ஃபார்மேட்' ஆப்ஜெக்டை ஸ்டேட்டிக்காக ஒரு தேதி யூட்டிலிட்டியில் வைத்திருப்பார்கள். பார்க்க அப்பாவியாக இருக்கும். ஆனால் அது தனக்குள்ளே ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதை மாற்றுகிறது. இரண்டு த்ரெட் (ஒரே மென்பொருளுக்குள் ஒரே சமயத்தில் நடக்கும் தனித்தனி ஓட்டங்கள்) ஒரே நேரத்தில் தொட்டால் ஒருவர் தேதி இன்னொருவருக்குப் போகும். சித்திரையில் ஒரே ஆள் பதிவு செய்யும்போது ஒன்றும் ஆகாது. தையில் சம்பா அறுவடை முடிந்து மூன்று கவுண்டரில் வரிசை நிற்கும்போதுதான் தேதிகள் தாறுமாறாகும். அந்த நேரத்தில் யாராலும் நிதானமாகத் தேடவும் முடியாது. 2014-இல் ஜாவா 8-ஓடு வந்த 'டேட்டைம்ஃபார்மேட்டர்' மாறாத ஆப்ஜெக்ட், அதை ஸ்டேட்டிக்காக வைத்துக்கொள்ளலாம். உங்கள் கோப்பில் 'சிம்பிள்டேட்ஃபார்மேட்' என்று இன்றே ஒரு தேடல் போடுங்கள்.

பல திட்டங்களுக்கும் பொதுவாக ஒரே யூட்டிலிட்டி ஜார் கோப்பு (ஜாவா கிளாஸ்களைக் கட்டிவைத்த நூலகக் கோப்பு) வைத்துக்கொள்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். லட்சக் கமா, முழுமையாக்கல் மாதிரி உறுதியானவற்றுக்குச் சரி. வியாபார விதிகள் அதில் ஏறிவிட்டால் ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த மாற்றம் இன்னொருவர் கணக்கைக் கெடுக்கும், வேண்டாம்.

இனி வேலை வரிசை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள், அறுவடைக் காலத்தில் தொடவே தொடாதீர்கள். முதலில் யாருமே அழைக்காத மெத்தட்களை அழியுங்கள், எங்களிடம் கால்வாசி அப்படிப் போனது. அடுத்து மொழியே இப்போது கொடுப்பவற்றைப் பாருங்கள். வெற்று ஸ்ட்ரிங்கா என்று பார்க்க ஜாவா 11-லிருந்து 'இஸ்பிளாங்க்' இருக்கிறது, 'நல்' (மதிப்பே இல்லாத நிலை) ஒப்பீட்டுக்கு 'ஆப்ஜெக்ட்ஸ்' இருக்கிறது. ஆனால் 'இஸ்பிளாங்க்' 'நல்' மீது அழைத்தால் வெடிக்கும், உங்கள் பழைய மெத்தட் ஒருவேளை அதைத் தாங்கியிருக்கும், பார்த்து மாற்றுங்கள். மிச்சம் உள்ளதைப் பெயர் பெயராகப் பிரியுங்கள். இடம் மாறும் ஒவ்வொரு மெத்தட்டுக்கும் மாற்றுவதற்கு முன்பே டெஸ்ட் எழுதி, இப்போது என்ன விடை தருகிறது என்று பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெத்தட்டை உடனே நீக்க வேண்டாம். 'டெப்ரிகேட்டட்' (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறித்து, உள்ளே புதியதை அழைக்கும்படி ஒரே வரியாக்கி விட்டுவையுங்கள். அழைப்பவர்கள் ஒவ்வொருவராக மாறியதும் தூக்கலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அலகு மாற்றும் மெத்தட்களிலிருந்து தொடங்குங்கள். 'காமன்யூட்டில்ஸ்' கிளாஸில் மா, சென்ட், மூட்டை, குவிண்டால் என்று வரும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அதில் உள்ள மாறிலி எண்ணையும் எழுதுங்கள். அப்புறம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய், கணக்குப் பிள்ளையிடம் உட்கார்ந்து, "அண்ணே, உங்க மூட்டை எத்தனை கிலோ?" என்று கேளுங்கள்.